அறுபத்து மூன்றாம் பக்கம்

பிப்ரவரி 3, செவ்வாய்

காலையில் பனி. எட்டு மணி வரை எதிர்ப்பக்கக் கோல் கம்பம் தெரியவில்லை.

நோட்டே, முதலில் ஒரு மன்னிப்பு. என் எழுத்து கோணல். சில எழுத்து குண்டு, சில எழுத்து நோஞ்சான். நீ கோடு போட்ட நோட்டுதான், ஆனாலும் என் வரி காலி லாரி மாதிரி குதிக்கிறது. பன்னிரண்டு வருஷம் ஆலத்தியூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் உடைத்த விரல் இது. அப்புறம் முப்பது வருஷம் மைதானத்தில் கோடு போட்ட விரல். நூறு கெஜக் கோடு என்றால் நூல் பிடித்த மாதிரி போடுவேன். அரை அங்குல 'ழ' போட வேர்க்கிறது.

முதியோர் வகுப்பு டீச்சர் சொன்னது: தினம் ஐந்து வரி. எதை வேண்டுமானாலும். "யாருக்கும் காட்ட வேணாங்கய்யா, எனக்குக்கூட."

பேர் தங்கராசு. வயது அறுபத்தெட்டு. ஊர் அரியலூர். (இனி அ. என்று எழுதுவேன். பெரம்பலூர் பெ. கைக்கு மிச்சம்.) மனைவி மல்லிகா. அவளுக்கு எழுத்து தெரியாது. வகுப்புக்குக் கூப்பிட்டால், "எனக்கு டிவி பாக்கத் தெரியும், அது போதும்" என்கிறாள். பையன்கள் இருவரும் வெளியூர். கடைக்குட்டி கயல்விழி, வயது 22, எங்களோடு. ஆக இந்த வீட்டில் எழுத்து தெரிந்தவர்கள் நானும் கயலும் மட்டும். கயல் அடுத்தவர் பொருளைத் தொடமாட்டாள். உனக்குப் பயமில்லை.

இன்று நானே படித்தவை:
சிமெண்டு மூட்டை மேல் இருந்த எழுத்து.
'இங்கு குப்பை கொட்டாதீர்'. சுற்றிலும் குப்பை.
பஸ் போர்டு. பெரம்பலூர். முப்பது வருஷமாக அந்த பஸ்ஸில் கலர் பார்த்து ஏறினேன். இன்று எழுத்தைப் பார்த்து ஏறாமல் நின்றேன். எங்கும் போக வேண்டியதில்லை. சும்மா படித்தேன்.

ஐந்து வரிக்கு மேல் ஆகிவிட்டது!

பிப்ரவரி 4, புதன்

சுண்ணாம்பு மூட்டை இரண்டு வந்தது. இறக்கினேன். முதுகு வலி.

பஸ் ஸ்டாண்டு முருகேசன் கடையில் போண்டா நாலு. மல்லிகா மூன்றைத் தின்றுவிட்டுப் பேப்பரைச் சுருட்டப் போனாள். பிடுங்கிக்கொண்டேன். செய்தித்தாள் இல்லை, புத்தகத்து ஏடு. மேலே பந்து படம். கீழே 61.

"திங்கிறத வுட்டுட்டு சுத்துன பேப்பர நக்குறாரு பாருடி" என்றாள் கயலிடம். கயல் காலை நீட்டிச் சுவரில் சாய்ந்திருந்தாள். சிரித்தாள்.

எண்ணெய் ஊறிப் பின்பக்கத்து எழுத்தும் முன்பக்கம் தெரிகிறது. இரண்டும் கலந்து மண்டை குழம்பியது. கறுப்புச் சிலேட்டை அடியில் வைத்தேன். சரியாகிவிட்டது. ஆள் பேர் இருந்த மேல் ஓரம் மட்டும் இல்லை. மல்லிகா போண்டாவோடு பிய்த்துவிட்டாள்.

ஒரு மணி நேரத்தில் படித்தது இவ்வளவு. அப்படியே பார்த்து எழுதுகிறேன்:

'சுவீடன் நாட்டில் கால்பந்து புதிதாக வந்திருந்த காலம். தொடக்ககால ஆட்டக்காரர்களில் இவரும் ஒருவர். படையில் இளம் அதிகாரி. காலையில் அணிவகுப்பு, மாலையில் பந்து. மைதானத்தில் பனி கொட்டிக் கிடந்தால் ஆட்டக்காரர்களே மண்வெட்டியால் வாரி ஒதுக்குவார்கள்.'

"சுவீடன் எங்கம்மா இருக்கு?"

"வடக்கால ரொம்ப தூரம்ப்பா. ஒரே குளிரு."

"டெல்லி தாண்டியா?"

"டெல்லிக்குப் போற மாதிரி இன்னும் மூணு நாலு மடங்கு."

பனியும் வெள்ளை, சுண்ணாம்பும் வெள்ளை. கோடு எப்படித் தெரிந்திருக்கும்? புத்தகத்தில் இல்லை. எழுதியவர் கோடு போடாதவர்.

அவர் பேர் தெரியாததால் சுவீடன்காரர் என்றே வைத்துக்கொள்கிறேன். பட்டாளத்துக்காரர், பந்தாட்டக்காரர். கயல் ஆக நினைப்பதும் அதுதான். அதனால் எனக்கு அவரைப் பிடித்துவிட்டது.

பிப்ரவரி 5, வியாழன்

பனி இல்லை. மனசு சரியில்லை.

காரணத்தை முறையாக எழுதுகிறேன். துணை ராணுவப் படைக்குக் கால்பந்து ஆடும் பெண்களை எடுக்கிறார்கள். 12ஆம் தேதி, பெ. மைதானத்தில். முதலில் டாக்டர் பார்ப்பார். அப்புறம் ஓட்டம். அப்புறம் ஆட்டம். கயலுக்கு ஜூனில் 23 முடிகிறது. அதற்கு மேல் எடுக்கமாட்டார்கள். இந்த ஒரு வாய்ப்புதான். பத்து வயதிலிருந்து யூனிபார்ம், பந்து, யூனிபார்ம், பந்து. வேறு பேச்சு கிடையாது.

இன்று விடிந்ததும் புதுக்கோடு போட்டேன். ஆறு மணிக்குப் பயிற்சி மாஸ்டர் பெண்களை ஓடவிட்டார். அவர்கள் போனதும் கோட்டைச் சரிசெய்யப் போனேன்.

புதுக்கோட்டின் மேல் யார் ஓடினாலும் தடம் விழும். நல்ல கால் என்றால் பூட்ஸின் குமிழ் குமிழாகக் குழி, சுற்றிலும் தூள் சிதறல். வலி உள்ள கால் ஊன்றாது, தேய்க்கும். கோட்டில் நாக்கு மாதிரி ஒரு இழுப்பு இருக்கும். இதைப் படிக்க எனக்கு எந்த டீச்சரும் வேண்டாம்.

இழுப்பு இருந்தது. இடது கால். மேற்குக் கோட்டில் ஏழு இடம். வலது ஓரம் ஆடுகிற ஆள் ஒருத்திதான். சின்னப் பூட்ஸ். நான் பெ. கடைவீதியில் வாங்கிக் கொடுத்த பூட்ஸ்.

பத்துப் பன்னிரண்டு வருஷம் முன்பு பாலு என்று ஒருவன் ஆடினான். அவன் தடத்திலும் இந்த நாக்கு விழுந்தது. கோடு போடுகிறவன் எதுக்குப் பேசணும் என்று இருந்துவிட்டேன். இப்போது பாலு வெங்காய மண்டியில் காலை இழுத்து இழுத்து நடக்கிறான். "என்ன தங்கராசண்ணே" என்று சிரிப்பான். நான் வேறு பக்கம் பார்ப்பேன்.

ஏழு இடத்தையும் தூள் போட்டு மூடினேன்.

பிப்ரவரி 6, வெள்ளி

தண்ணீர்க் குழாயடியில் கேட்டுவிட்டேன். மல்லிகா கடைக்குப் போயிருந்தாள்.

"கயலு, எடது கால்ல என்னம்மா?"

"ஒன்னுமில்லியே."

"கோடு வேற மாரி சொல்லுதே."

குடத்தைக் கீழே வைத்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"முட்டிப்பா. மூணு வாரமாச்சு. திரும்புறப்ப நழுவுற மாரி இருக்கு. தைலம் போட்டுக் கட்டியிருக்கேன். பேண்ட்டு போட்டா தெரியாது. டாக்டரு கேட்டா ஒன்னுமில்லம்பேன்."

"ஆட்டத்துல நழுவிருச்சுன்னா?"

"ஒரு நாளுப்பா. ஒரே ஒரு நாளு தாங்குனா போதும்."

"மாஸ்டர்ட்ட ஒரு வார்த்த…"

"அப்பா! வாயத் தொறந்தீங்க, அப்புறம் நான் உங்க மவளே இல்ல. மாஸ்டர்ட்டயும் கெடையாது, அம்மாட்டயும் கெடையாது. கையில அடிங்க."

வாய் திறக்கமாட்டேன் என்று கையில் அடித்துக் கொடுத்தேன். அவள் கை ஈரமாக இருந்தது.

சாயங்காலம் மனசை மாற்ற ஏட்டை எடுத்துத் திருப்பினேன். 62. அப்படியே எழுதுகிறேன்:

'பக்கத்து நாட்டோடு ஆட்டம். மூன்று நாளுக்கு முன் பயிற்சியில் குதிரையிலிருந்து விழுந்தார். முழங்கால் வீங்கியது. யாரிடமும் சொல்லவில்லை. இறுக்கிக் கட்டி, மேலே நீளக் காலுறை போட்டு மறைத்தார். ஆட்டத்தன்று காலை மருத்துவர் எல்லோரையும் வரிசையில் நிறுத்தினார். இவர் முறை வந்தது. இவர்'

அவ்வளவுதான். ஏடு முடிந்துவிட்டது.

இவர் என்ன செய்தார்?

பிப்ரவரி 7, சனி

முருகேசன் கடை. காலை ஏழுக்கே போனேன். 63 வேண்டும்.

போண்டா ஆறு வாங்கினேன். சுற்றிக் கொடுத்த ஏடு 17. திருப்பினால் 18. நீச்சல். இன்னும் நாலு வாங்கினேன். 40. சைக்கிள் பந்தயம்.

"என்ன பெரியவரே, வூட்ல விசேஷமா?"

"போண்டா வேணாம் முருகேசா. பேப்பர் மட்டும் குடு. அறுவத்தி மூணு."

"பேப்பருக்கு நம்பரெல்லாம் இருக்கா?"

கட்டைப் பிரித்துப் பார்க்கவிட்டான். இருந்தது பதினோரு ஏடு. ஒவ்வொன்றாகப் பார்த்தேன். பின்னால் டீக்கு நின்றவர்கள் கத்தினார்கள். "யோவ், லைப்ரரியா டீக்கடையா?" 63 இல்லை. பழைய பேப்பர் மூட்டை லப்பைக்குடிக்காட்டில் ஒரு காயலான் கடையிலிருந்து வந்ததாம்.

பத்துப் போண்டாவோடு வீட்டுக்குப் போனேன். மல்லிகா ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

கயல் வாசலில் ஸ்கிப்பிங். நூறு எண்ணினாள். எழுபதிலிருந்து உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

பிப்ரவரி 8, ஞாயிறு

லப்பைக்குடிக்காடு போனேன். போர்டு படித்து ஏறினேன், போர்டு படித்து இறங்கினேன். நீளமான பேர், ஒரு மூச்சில் வரவில்லை. கண்டக்டர், "என்ன தாத்தா, பஸ்ஸுக்குச் சாமி கும்புடுறீங்களா" என்றார்.

காயலான் கடை பாய் நல்ல மனுஷன். துபாயில் இருபது வருஷம் இருந்துவிட்டு வந்தவர். நான் சொன்னதைக் கேட்டு ஸ்டூல் போட்டு உட்காரவைத்தார்.

"ஒரு பள்ளிக்கூடம் மூடுனாங்கத்தா, அங்கேருந்து வந்த புஸ்தவம். அட்டைய நாந்தான் கிழிச்சேன். பிரிச்சு நாலு கடைக்கிப் போட்டாச்சு. உள்ள எதுவும் எழுதி வச்சிருந்தீங்களா? பத்திரம் கித்திரம்?"

"இல்லீங்க பாய். ஒருத்தருக்கு முட்டியில அடி. டாக்டர்ட்ட சொன்னாரா இல்லியான்னு தெரியணும்."

"உங்க சொந்தக்காரரா?"

"சுவீடன்காரரு."

பாய் எழுந்து கைலியை மடித்துக் கட்டினார். அப்புறம் சிரிக்காமல், "இன்ஷா அல்லா கெடைக்கும்" என்றார். மூட்டைகளை என்னோடு சேர்ந்து கிளறினார். இல்லை.

திரும்பி வரும்போது யோசனை. அந்த மனுஷன் செத்து எத்தனை வருஷமோ. அவர் சொன்னால் என்ன, சொல்லாவிட்டால் என்ன. ஆனால் தெரியாமல் இருக்க முடியவில்லை.

பிப்ரவரி 9, திங்கள்

மாஸ்டர் கூப்பிட்டு அனுப்பினார். பெ. மைதானத்தில் கோடு போடுகிற ஆளுக்குக் காய்ச்சலாம். "வெளியூர்லேருந்து அதிகாரிங்க வர்றாங்க தங்கராசு. கோடு உன் கோடா இருக்கணும்." 12ஆம் தேதி நான் போக வேண்டும்.

மாஸ்டர் எதிரில் நின்றேன். வாய்வரை வந்தது. கையில் அடித்துக் கொடுத்திருக்கிறேன். "சரிங்க" என்று வந்துவிட்டேன்.

மண்டி வழியாக வந்தேன். பாலு மூட்டை மேல் உட்கார்ந்திருந்தான். முதல் தடவையாக நானே போய்ப் பேசினேன். "கால் எப்படிப்பா இருக்கு?"

"மழ வந்தா முன்னாடியே சொல்லிருதுண்ணே. ரேடியோ தேவையில்ல."

சிரித்தான். எனக்கு வரவில்லை.

பிப்ரவரி 10, செவ்வாய்

வகுப்பு. டீச்சரிடம் ஏட்டைக் காட்டினேன். போனில் தேடினார். சுவீடன், பந்து, ராணுவம் என்று போட்டால் வரிசையாகப் பேர் வருகிறது. எல்லாம் வாயில் நுழையாத பேர். எதிலும் முட்டி இல்லை.

"கதைல நீங்களே ஒரு முடிவு வச்சுக்கங்கய்யா" என்றார்.

"இது கத இல்லீங்க டீச்சர்."

இன்றைய பாடம்: கடிதம் எழுதுவது. டீச்சர் சொன்னார், "நேர்ல சொல்ல முடியாதத எழுதிச் சொல்லலாம்." நான் பென்சிலைக் கீழே வைத்துவிட்டேன். வீடு வரும்வரை வேறு எதையும் நினைக்கவில்லை.

வாய் திறக்கமாட்டேன் என்றுதான் சொன்னேன்.

பிப்ரவரி 11, புதன்

கயலுக்குக் கடிதம். நாலு தடவை எழுதினேன், நாலு தடவை கிழித்தேன். பேப்பரில் என் எழுத்து கெஞ்சுகிறது. அவள் மடித்து உள்ளே வைத்துக்கொண்டு போய்விடுவாள்.

ஐந்தாவதை அவள் பூட்ஸுக்குள் வைத்தேன். கொஞ்ச நேரத்தில் மல்லிகா பூட்ஸை வெயிலில் கவிழ்த்தபோது விழுந்தது. "என்ன கண்ட பேப்பரெல்லாம்" என்று அடுப்பில் போட்டுவிட்டாள். நான் எதிரில்தான் நின்றேன்.

கயல் புதுக் கட்டு கட்டிப் பார்த்தாள். உட்கார்ந்து எழுந்தாள். என்னைப் பார்த்து, ஒன்றுமில்லை என்பதுபோல் தலையாட்டினாள்.

நாளை எனக்கு முதல் பஸ். நான் நாலரைக்கு. அவள் ஏழரைக்கு.

பிப்ரவரி 13, வெள்ளி

நேற்று எழுதவில்லை. எழுத முடியவில்லை. நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

பெ. மைதானத்துக்கு ஐந்தரைக்குப் போனேன். கயிறு கட்டி, முளை அடித்து, வண்டி தள்ளி, ஏழுக்கெல்லாம் முடித்தேன். மூலைக்கொடி ஓரமாகப் பந்தல். டாக்டருக்கு மேஜை, நாற்காலி. பெண்கள் வந்து நிற்க வரிசைக் கோடும் என்னையே போடச் சொன்னார்கள். அந்தக் கோட்டைத் தாண்டிக் குடும்பத்து ஆட்கள் போகக்கூடாது. கயிறு கட்டிவிடுவார்கள். அவளிடம் போக எனக்கு வழியில்லை.

வண்டியில் அரை மூட்டைத் தூள் மிச்சம்.

மேஜைக்கு முன்னால், வரிசையில் நிற்பவர்கள் கட்டாயம் தாண்டிப் போகிற இடத்தில், கையால் தூவி எழுதினேன். ஒவ்வொரு எழுத்தும் ஒரு முழம்.

கயலு சொல்லிடும்மா

முடித்துவிட்டுத் தள்ளி நின்று பார்த்தேன். நோட்டே, நான் எழுதியதிலேயே அழகான எழுத்து அதுதான். வரி ஏறவில்லை, இறங்கவில்லை. கொம்பு, கால் எல்லாம் நேர். பயத்தையும் மீறி ஒரு சந்தோஷம் வந்தது. என் மகளுக்கு நான் எழுதிய முதல் கடிதம்.

அப்புறம் ஆட்கள் வர ஆரம்பித்தார்கள்.

டீ கொண்டுவந்த ஆள் நின்று பார்த்தார். "கயலு சொல்லிடும்மா" என்று வாய்விட்டுப் படித்துவிட்டுப் போனார். அடுத்து இரண்டு பெண்கள். "ஏய், இங்க பாருடி, கயலு சொல்லிடும்மாவாம்." அடுத்து பந்தல்காரர். அடுத்து போட்டோ எடுக்கிறவர். எல்லோரும் படித்தார்கள். நடந்துகொண்டே, பல் குத்திக்கொண்டே, ஒரு நிமிஷம்கூட நிற்காமல் படித்தார்கள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எல்லோருக்கும் எழுத்து தெரியும்! அறுபத்தெட்டு வருஷம் என்னைத் தவிர எல்லோரும் படித்துக்கொண்டுதான் இருந்தார்கள். எங்கள் வீட்டில் எனக்கும் கயலுக்கும்தான் தெரியும் என்பதால் உலகத்திலேயே அவ்வளவுதான் என்பதுபோல் எழுதிவிட்டேன்.

ஓடிப்போய்க் காலால் தேய்க்கப் போனேன்.

"பெரியவரே, நில்லுங்க! எதையும் அழிக்காதீங்க!" ஹவில்தார் ஒருவர். தமிழ் ஆள், ஜெயங்கொண்டம் பக்கத்துப் பேச்சு. அவர் பின்னால் பெண் அதிகாரி. வடக்கத்தி அம்மா. தமிழ் தெரியாது. தரையைக் காட்டி இந்தியில் ஏதோ கேட்டார். ஹவில்தார் எழுத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி எழுத்தைப் பார்த்தார். பதில் சொல்லாமல் திரும்பி வரிசையைக் கேட்டார்:

"கயல் யாரு இங்க?"

முப்பது பெண்கள். ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள். மாஸ்டர் என்னை முறைத்தார். கயல் வரிசையை விட்டு வெளியே வந்தாள். முகத்தில் ரத்தம் இல்லை.

"நாந்தான் சார்."

"என்ன சொல்லணும் நீ?"

அவள் என்னைப் பார்த்த பார்வையை எழுதமாட்டேன்.

"அவரு எங்கப்பா சார். அ. மைதானத்துல கோடு போடுறவரு." (அவள் அரியலூர் என்றுதான் சொன்னாள்.) "எழுதப் படிக்க இப்பத்தான் கத்துக்கிறாரு. நாலு மாசமா கையில எது கெடச்சாலும் எழுதிப் பாக்குறாரு. எங்க வூட்டுச் செவுரு, தண்ணித் தொட்டி, எல்லாத்துலயும் எம் பேருதான். வந்து சேந்ததும் அம்மாவுக்குப் போன் பண்ணிச் சொல்லுன்னு காலையிலேருந்து சொல்லிக்கிட்டே இருந்தாரு. அதான் சார். நான் மறந்துருவேன்னு எழுதிட்டாரு."

ஒரு மூச்சில் சொன்னாள். ஒரு சொல் தடுக்கவில்லை.

ஹவில்தார் இந்தியில் எடுத்துச் சொன்னார். அதிகாரி அம்மா என்னைப் பார்த்தார். முகம் மலர்ந்தது. கை தட்டினார். எல்லாரும் தட்டினார்கள். கிட்டே வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அவர் கையெல்லாம் சுண்ணாம்பு. படித்ததற்காக எனக்குக் கிடைத்த முதல் கைதட்டல். என் மகள் எனக்காகச் சொன்ன பொய்யால் கிடைத்தது. தலை நிமிரவில்லை.

கயிற்றுக்கு அந்தப் பக்கம் போகச் சொன்னார்கள். போனேன். டாக்டர் உட்கார்ந்தார். ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். கயல் பதினாலாவது. அவள் என் பக்கமே திரும்பவில்லை.

கயல் முறை வந்தது. கயல்

கை மரத்துவிட்டது. விரல் மடங்கவில்லை. மிச்சம் நாளை.

பிப்ரவரி 14, சனி

கயல் மேஜைக்கு முன்னால் நின்றாள். கண், பல், காது பார்த்தார். மூச்சு இழுக்கச் சொன்னார். அப்புறம் ஏதோ கேட்டார். எனக்குக் கேட்கவில்லை. கயல் இல்லை என்று தலையாட்டினாள்.

மறுபடி கேட்டார். மறுபடி இல்லை.

டாக்டர் பேப்பரில் டிக் அடித்துவிட்டு அடுத்த பெண்ணைக் கூப்பிட்டார். கயல் நகர்ந்தாள். ஓட்டம் நடக்கிற பக்கம் போக வேண்டும். என் எழுத்தின் மேலேதான் வழி. பதின்மூன்று பேர் மிதித்து எழுத்து பாதி கலைந்திருந்தது. அவளும் மிதித்துத் தாண்டினாள். நாலு அடி போனாள்.

நின்றாள். தரையைத் திரும்பிப் பார்த்தாள்.

நான் நின்ற இடத்திலிருந்தே எனக்குத் தெரிந்தது. பதின்மூன்று ஜோடித் தடத்துக்கு நடுவே, 'சொ' மேல், நாக்கு மாதிரி ஒரு இழுப்பு. அவள் வாழ்நாளில் முதல்தடவையாகத் தன் தடத்தைத் தானே பார்க்கிறாள்.

எவ்வளவு நேரம் நின்றாள் என்று தெரியாது. அடுத்த பெண் கண்ணைக் காட்டிப் பல்லைக் காட்டி முடித்துவிட்டாள். கயல் திரும்பி நடந்தாள். மேஜைக்கு எதிரில் குனிந்து இடதுபக்கப் பேண்ட்டை முட்டிக்கு மேலே சுருட்டினாள். கட்டை அவிழ்த்தாள்.

டாக்டர் எழுந்து வந்து முட்டியைப் பிடித்து அசைத்தார். அவள் நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள். கத்தவில்லை. டாக்டர் முதலில் போட்ட டிக்கின் மேல் கோடு கிழித்துவிட்டு நிறைய எழுதினார்.

ஹவில்தார் கயிற்றுக்கு வந்தார்.

"டெம்பரரி அன்ஃபிட்னு போட்ருக்காங்கய்யா. ஸ்கேன் எடுத்து வைத்தியம் பாத்துட்டு, நாப்பத்திரண்டு நாள்ல திரும்பி வந்து காட்டணும். சரியா இருந்தா ஓடலாம். இல்லாட்டி…" கையை விரித்தார். கொஞ்சம் குனிந்து, "படிச்சதுமே எனக்குப் புரிஞ்சுதுங்கய்யா. அந்த அம்மாட்ட என்னத்தச் சொல்றதுன்னுதான் முழிச்சேன். உங்க பொண்ணு பொழச்சுக்கும்" என்றார்.

பஸ்ஸில் கயல் முன்சீட்டு. நான் பின்சீட்டு. வீட்டில் மல்லிகா என்னைப் பிடிபிடியென்று பிடித்தாள். "எழுத்து கத்துக்கிறேன் எழுத்து கத்துக்கிறேன்னு போயி புள்ள பொழப்பக் கெடுத்துட்டு வந்து நிக்கிறாரே! அந்த நோட்டக் கொண்டாங்க, அடுப்புல போடுறேன்."

உன்னை இப்போது அரிசிப் பானைக்குப் பின்னால் வைத்திருக்கிறேன்.

கயல் சாப்பிட்டாள். பேசவில்லை.

பிப்ரவரி 16, திங்கள்

ஸ்கேன் வந்தது. முட்டிக்குள் ஜவ்வு பாதி கிழிசல். ஆஸ்பத்திரி டாக்டர் மல்லிகாவிடம் சொன்னார்: "அன்னிக்கு ஓடியிருந்தா முழுசாப் போயிருக்கும்மா. அப்புறம் வெட்டித் தைக்கணும். இப்ப கட்டு, பயிற்சி, ஓய்வு. ஆறு வாரத்துல தேறுமான்னா… பாக்கலாம்."

பாக்கலாம். அவ்வளவுதான் கிடைத்திருக்கிறது.

மல்லிகா ஆஸ்பத்திரி வாசலில் டீ வாங்கி, முதல் டம்ளரை என் கையில் கொடுத்தாள். ஒன்றும் சொல்லவில்லை. இந்தத் தடவை பயமாக இல்லை.

கயல் இன்னும் பேசவில்லை. இன்றோடு ஐந்து நாள்.

பிப்ரவரி 17, செவ்வாய்

வெயில். வகுப்பு முடிந்து வரும்போது பஸ் ஸ்டாண்டில் முருகேசன் கத்தினான். "பெரியவரே! உங்க நம்பரு!"

63. எண்ணெய் படாமல், கல்லாவுக்கு அடியில் மடித்து வைத்திருந்தான். லப்பைக்குடிக்காட்டு பாய் தேடி எடுத்து பஸ்ஸில் கொடுத்துவிட்டாராம்.

நடந்துகொண்டே படிக்க எனக்கு வராது. வீட்டு வாசற்படியில் உட்கார்ந்து விரல் வைத்து, சத்தமாகப் படித்தேன். கயல் உள்ளே கட்டிலில் காலைத் தலையணைமேல் வைத்துப் படுத்திருந்தாள்.

'…தமக்கு ஒன்றுமில்லை என்றார். ஆடினார். இருபதாவது நிமி… நிமி…'

மாட்டிக்கொண்டேன். நிமி, நிமி என்று நின்றேன்.

"நிமிடத்தில்!" உள்ளேயிருந்து வந்தது. எரிச்சலான குரல். ஐந்து நாளில் முதல் வார்த்தை.

'…நிமிடத்தில் விழுந்தார். தூக்கிச் சென்றார்கள். அதன்பின் அவர் பந்தைத் தொடவில்லை. படையில் உயர்ந்த பதவிகள் கிடைத்தன. முதுமையில் கைத்தடியோடு…'

கயல் சுவரைப் பிடித்துக்கொண்டு நொண்டி நொண்டி வந்துவிட்டாள். என் கையிலிருந்து ஏட்டை வாங்கி அவளே படித்தாள். 'முதுமையில் கைத்தடியோடு மைதானத்துக்கு வந்து, கோட்டுக்கு வெளியே நின்றபடி ஆட்டம் முடியும்வரை பார்ப்பார்.'

கோட்டுக்கு வெளியே. அந்த இடம் எனக்குத் தெரியும். முப்பது வருஷம் நான் நின்ற இடம்.

கயல் ஏட்டை மடித்தாள்.

"மடையன்" என்றாள்.

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"வெள்ளக்காரனச் சொன்னேன்ப்பா." கொஞ்சம் கழித்து, "உங்களையுந்தான். ஊரே படிக்கிற மாரியா எழுதுவீங்க?"

"இத்தன பேரு படிப்பாங்கன்னு எனக்குத் தோணலம்மா."

முதலில் உதடு துடித்தது. அழப் போகிறாள் என்று நினைத்தேன். சிரிப்பு. வாயைப் பொத்திக்கொண்டு, முட்டியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். மல்லிகா கரண்டியோடு எட்டிப் பார்த்தாள்.

மார்ச் 26க்குத் திரும்ப வருவதாக விண்ணப்பப் பாரம் அனுப்ப வேண்டுமாம். தேறினாலும் தேறாவிட்டாலும் அனுப்பிவைக்கிறாள். அதில் வீட்டுப் பெரியவர் கையெழுத்து வேண்டுமாம். இதுவரை அவள் பாரத்தில் எல்லாம் என் பெருவிரல்தான். கட்டத்தைக் காட்டுகிறாள். தீப்பெட்டி அளவுகூட இல்லை.

"கட்டத்துக்குள்ள போடுங்கப்பா. சின்னதா. ஒரு முழம் வேணாம்."

வீட்டில் பேனா ஒன்றுதான், அது இப்போது உன் மேல் இருக்கிறது. எடுத்துக்கொண்டு போகிறேன். முதலில் சிலேட்டில் பத்துத் தடவை போட்டுப் பார்க்க வேண்டும். கட்டத்துக்குள் அடங்கியதா இல்லையா என்று உனக்கு அடுத்த வாரம் எழுதுகிறேன்.